குட்டிக் குரங்கும் கல்பாசியும்: மரத்தைக் காயப்படுத்துவது யார்?

ரெண்டாவது ரிவ்யூவுக்கு மூணு நாள் இருக்கும்போதுதான் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல இருந்த பெரிய தப்பு தெரிஞ்சது.

ப்ராஜெக்ட் கேட்க சிம்பிள். மரப்பட்டையை போட்டோ எடுத்துக் கொடுத்தா, மரம் நல்லா இருக்கா, நோய் வந்திருக்கான்னு ஒரு மாடல் சொல்லணும். காலேஜ் வளாகத்து மரங்கள், கொடைக்கானல் டூர்ல பார்த்த மரங்கள்னு நாங்க மூணு பேரும் படம் சேர்த்து, ஒவ்வொண்ணுக்கும் உட்கார்ந்து லேபிள் போட்டோம். பட்டை வெடிப்பு, அழுகல், கரையான், அப்புறம் சாம்பல் கலர்ல திட்டுத்திட்டா படர்ந்திருக்குமே, அது. எல்லாமே 'நோய்'. அக்யூரசி தொண்ணூறைத் தாண்டிடுச்சு. கேன்டீன்ல ட்ரீட் எல்லாம் முடிஞ்சது.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல சும்மா விளையாட்டுக்கு, அமேசான் காடு பத்தின ஒரு வீடியோல இருந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மாடலுக்குக் கொடுத்தேன். உள்ளங்கை அளவு ஒரு குரங்கு மரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. அதைச் சுத்திப் பட்டை முழுக்கக் குழி குழியா இருக்கு. கொஞ்சம் தள்ளி ஒரு சாம்பல் திட்டு. எங்க மாடல் அந்தச் சாம்பல் திட்டைச் சுத்தி சிவப்புக் கட்டம் போட்டு 'நோய்'னு சொல்லுச்சு. குழிகள் இருந்த இடத்துல பச்சைக் கட்டம். 'ஆரோக்கியம்'.

பக்கத்துக் கட்டில்ல இருந்த காரைக்குடித் தோழி எட்டிப் பார்த்தா. முதல்ல குரங்கைக் கொஞ்சினா. அப்புறம் என் லேப்டாப்பை வாங்கி எங்க கொடைக்கானல் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவ ஒரு படத்துல நின்னுட்டா.

"ஏய், இது கல்பாசி மாதிரி இருக்குடி. எங்கம்மா கறிக்குழம்புல போடுவாங்க. இதையா நோய்னு எழுதி வச்சிருக்க?"

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் போச்சு. அந்த ஒரு வாரத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை. ஒரு குட்டிக் குரங்கு, ஒரு லைக்கன். ரெண்டுக்கும் வீடு மரப்பட்டைதான். ஆனா அந்தப் பட்டையில ரெண்டும் நடந்துக்கிற விதம் நேர் எதிர். யாரு மரத்தைக் கடிக்கிறாங்க, யாரு சும்மா ஒட்டியிருக்காங்கன்னு பார்த்தா, நம்ம கண்ணு எவ்வளவு ஏமாந்து போகுதுன்னு புரியும்.

முதல் ஆள்: பிக்மி மார்மொசெட்

உலகத்துலயே சின்னக் குரங்கு இதுதான். அறிவியல் பெயர் செபுவெல்லா பிக்மியா. 1823-ல் ஜெர்மானிய இயற்கையியலாளர் ஸ்பிக்ஸ் இதை விவரித்துப் பெயர் வைத்தார். இப்போது இதை ரெண்டு இனமாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: மேற்குப் பக்கத்தில் ஒன்று, கிழக்குப் பக்கத்தில் இன்னொன்று. இருப்பது மேற்கு அமேசான் காடுகளில். பிரேசில், பெரு, ஈக்வடார், கொலம்பியா, பொலிவியா ஆகிய நாடுகளில்.

வளர்ந்த குரங்கின் எடை சுமார் 100 கிராம், அதாவது ரெண்டு கோழி முட்டை. உடம்பு 12 முதல் 15 சென்டிமீட்டர்தான், ஆனா வால் அதைவிட நீளம். பிறந்த குட்டி வெறும் 15 கிராம் இருக்கும். ஒரு சின்ன விஷயம்: 'உலகத்துலயே சின்ன ப்ரைமேட்' இது இல்லை. அந்தப் பட்டம் மடகாஸ்கரில் உள்ள ஒரு வகை லெமூருக்கு. குரங்குகளில் சின்னது இது.

இன்ஸ்டா ரீல்ஸ்ல 'ஃபிங்கர் மங்கி'ன்னு ஒருத்தர் விரலைக் கட்டிப்பிடிச்சிருக்கும் பாருங்க, அதே ஆள்தான்.

இரண்டாவது ஆள்: கல்பாசி

இது நமக்குத் தெரிஞ்ச ஆள். செட்டிநாட்டு மசாலா, பிரியாணி எதுலயும் எண்ணெய் காய்ஞ்சதும் பட்டை, கிராம்போட சேர்த்துப் போடுவாங்க. மேல சாம்பல், கீழ கருப்பு, ஓரம் சுருண்டு காய்ஞ்ச இலை மாதிரி இருக்கும். சும்மா மோந்து பார்த்தா பெரிய வாசனை இருக்காது. எண்ணெயில பட்டதும்தான் அந்த மண் வாசம் எழும்பும்.

அறிவியல் பெயர் பார்மோட்ரீமா பெர்லாட்டம். கடையில கல்பாசின்னு விக்கிறதுல இதோட நெருங்கின சொந்தங்களும் கலந்திருக்கும். பேர்ல 'கல்' இருக்கு, 'பாசி'யும் இருக்கு. ரெண்டுமே பாதி உண்மைதான். பாறையிலும் வளரும், ஆனா மரப்பட்டையில் தாராளமாக வளரும். பாசி உள்ளே இருக்கு, ஆனா பெரும்பகுதி பாசி இல்லை. அது ஒரு லைக்கன்.

லைக்கன் என்பது தனி உயிர் இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் போட்டுக்கொண்ட கூட்டுக் குடித்தனம். பூஞ்சை தன் இழைகளால் வீடு கட்டுகிறது: மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு. அந்த மேல்தோலுக்குக் கீழே ட்ரெபூக்சியா என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசி குடியிருக்கிறது. பாசி சூரிய ஒளியில் சமைக்கிறது. சமைத்ததில் ஒரு பங்கை ரிபிடால் என்ற சர்க்கரை ஆல்கஹாலாகப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது. பூஞ்சை பதிலுக்கு இடம், ஈரம், கடும் வெயிலிலிருந்து பாதுகாப்பு எல்லாம் தருகிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். எங்க டேட்டாசெட்ல வளாகத்து மரங்கள்ல இருந்தது பெயின்ட் அடிச்ச மாதிரி பட்டையோட பட்டையா ஒட்டிக்கிட்ட லைக்கன் வகை. கொடைக்கானல் படத்துல இருந்தது இலை மாதிரி விரிஞ்ச, கல்பாசி வகை. அமேசான் ஸ்க்ரீன்ஷாட்ல இருந்தது வேற ஏதோ இனமா இருக்கும். கல்பாசியும் இந்தக் குரங்கும் ஒரே மரத்துல குடியிருக்குன்னு நான் சொல்லல. ஆனா மரப்பட்டை லைக்கன்களோட பிழைப்பு முறை எங்கே போனாலும் ஏறக்குறைய ஒண்ணுதான். அதனால நமக்குத் தெரிஞ்ச கல்பாசியை அவங்க பிரதிநிதியா வச்சுக்குவோம்.

பிடி: நகமா, நூலா?

மெக்கானிக்கல் மக்களுக்குப் பிடிச்ச கேள்வி. நேரா நிக்கிற ஒரு தடிமனான மரத்துல வழுக்காம எப்படி இருக்கிறது?

நம்ம ஊர்க் குரங்கு மரம் ஏறும்போது கையாலும் காலாலும் அணைத்துப் பிடிக்கும். உராய்வுதான் அதைத் தாங்குகிறது. ஆனா 100 கிராம் குரங்குக்கு ஒரு பெரிய மரம் என்பது ஒரு சுவர். கையை எவ்வளவு விரித்தாலும் அணைக்க முடியாது. அழுத்த முடியாவிட்டால் உராய்வு இல்லை. அதனால் மார்மொசெட்டுக்கு, மற்ற குரங்குகளுக்கு இருப்பதுபோலத் தட்டையான நகம் கிடையாது. காலின் கட்டைவிரலைத் தவிர எல்லா விரலிலும் அணிலுக்கு இருப்பது மாதிரி வளைந்த, கூரான நகம். அதைப் பட்டையில் குத்தி மாட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கும். ஏறும், இறங்கும், அப்படியே தொங்கிக்கொண்டு வேலையும் பார்க்கும்.

கல்பாசிக்கு அடிப்பக்கத்தில் கருப்பாகச் சின்னச் சின்ன நூல்கள் இருக்கும். அதை வேர் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். நானும்தான். அது வேர் இல்லை, பூஞ்சை இழைக் கற்றை. நங்கூரம் மாதிரி. பட்டையின் வெளிப்புறம் செத்துப்போன செல்களால் ஆன தக்கை. மரத்தின் சாறு ஓடுவது அதற்கும் உள்ளே. கல்பாசியின் நங்கூரம் அந்த செத்த தக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே போய் உறிஞ்சுவது கிடையாது.

சாப்பாடு: இங்கேதான் மேட்டர்

பிக்மி மார்மொசெட்டின் முக்கிய உணவு மரப்பிசின். ஜிகர்தண்டாவில் கொழகொழவென்று பாதாம் பிசின் போடுகிறார்களே, அந்த மாதிரிச் சமாச்சாரம்தான் அதற்குத் தினசரிச் சாப்பாடு.

பிசின் தானாக வழியும்வரை இது காத்திருக்காது. இதன் கீழ்த்தாடை வெட்டுப்பற்கள் நீளமானவை, கிட்டத்தட்டக் கோரைப்பல் உயரத்துக்கு. அந்தப் பல்லின் முன்பக்கத்தில் எனாமல் தடிமனாக இருக்கும், பின்பக்கத்தில் எனாமலே இருக்காது. மென்மையான பின்பக்கம் சீக்கிரம் தேயும், கடினமான முன்பக்கம் கூராகவே நிற்கும். தச்சர் கையில் இருக்கும் உளியைப் பாருங்கள், அதே டிசைன். தேயத் தேயத் தானே கூராகும் உளி. எலி, அணில் பல்லிலும் இதே ஐடியாதான்.

மேல்பற்களைப் பட்டையில் ஊன்றி, கீழ்ப்பற்களால் மேல்நோக்கிச் சுரண்டிக் குழி போடும். மரத்துக்கு அது காயம். காயத்தை அடைக்க மரம் பிசினைச் சுரக்கும். குரங்கு அப்புறம் திரும்பி வந்து நக்கும். அந்தப் பிசினுக்கு வரும் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். பிசினில் மாவுச்சத்தும் கால்சியமும், பூச்சியில் புரதமும். பழைய குழியை அகலப்படுத்தும், புதுக்குழி போடும். பல நாள் பயன்படுத்திய மரத்தில் நூற்றுக்கணக்கான குழிகள் இருக்கும். இங்கா, பார்க்கியா போன்ற மரங்கள் இப்படிப் பயன்படுகின்றன. ஒரு குடும்பத்தின் மொத்த ராஜ்ஜியமும் பெரும்பாலும் அரை ஹெக்டேருக்குள் அடங்கிவிடும். அதிலும் ஒன்றிரண்டு மரங்கள்தான் மெயின் மெஸ். பிசின் குறைந்துபோனால் குடும்பமே இடம் மாறும்.

பிசினில் இருப்பது சிக்கலான பாலிசாக்கரைடு. அதை உடைக்கும் நொதி குரங்கு உடம்பில் இல்லை, நம் உடம்பிலும் இல்லை. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பை மாதிரியான பகுதி இருக்கும், மார்மொசெட்டில் அது உடம்பு அளவுக்குப் பார்த்தால் பெரியது. அங்கே நுண்ணுயிர்கள் பிசினை நொதிக்க வைத்து உடைக்கின்றன. நம்ம வீட்டு தோசை மாவு மாதிரி, வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாதவர்கள், சாப்பிடுவது நாம்.

இப்போ கல்பாசி. அதன் சாப்பாட்டுப் பட்டியல்: வெளிச்சம், காற்று, மழை, பனி, மூடுபனி, காற்றில் வரும் தூசியிலும் மரத்தில் வழியும் மழைநீரிலும் இருக்கும் உப்புகள். அவ்வளவுதான். மரத்தின் சாறு அந்தப் பட்டியலிலேயே இல்லை. மரத்திடம் அது கேட்பது நிற்க ஒரு இடம் மட்டும். மின்கம்பத்தில் போஸ்டர் ஒட்டினால் போஸ்டர் கரன்ட்டை எடுக்குமா? எடுக்காது. அப்படித்தான் இதுவும். மரத்தில் வளரும் அதே மாதிரி ஆட்கள் பாறையிலும் பழைய ஓட்டின் மேலும் வளர்வதை யோசித்தாலே இது புரிந்திருக்கும். பாறையில் என்ன சாறு இருக்கு உறிஞ்ச?

ஆக, ஸ்க்ரீன்ஷாட்டில் மரத்தைக் காயப்படுத்தியது கொஞ்சத் தோணும் அந்தக் குரங்கு. எங்க மாடல் நோய்னு சொன்னது, பாவம், ஓரமா நின்ன திட்டு.

'ஆனா காய்ஞ்ச மரத்துல நிறைய இருக்கே?'

இந்தக் கேள்வியை எங்க டீம்லயே ஒருத்தி கேட்டா. நியாயமான கேள்வி. பட்டுப்போகிற மரத்தில் லைக்கன் அதிகமாகத் தெரிவது உண்மைதான்.

ஆனா காரணத்தைத் தலைகீழாகப் படிக்கிறோம். மரம் வேறு ஏதோ காரணத்தால் நலிவடையும்போது இலை கொட்டும். இலை குறைந்தால் கிளைக்கும் தண்டுக்கும் வெயில் கூடுதலாகக் கிடைக்கும். மரம் மெதுவாக வளர்ந்தால் பட்டையும் சீக்கிரம் உதிராது. வெளிச்சமும் நிலையான இடமும் கிடைத்தால் லைக்கனுக்குக் கொண்டாட்டம். மரம் வாடியதால் லைக்கன் வந்தது, லைக்கன் வந்ததால் மரம் வாடவில்லை. ப்ராபபிலிட்டி பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா எழுதினோமே, 'கோரிலேஷன் என்பது காசேஷன் இல்லை'ன்னு. எழுதினோம், மார்க் வாங்கினோம், டேட்டாசெட்ல கோட்டை விட்டோம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மரத்தில் ஒட்டியிருக்கும் எல்லாமே அப்பாவி இல்லை. மாமரத்திலும் தேயிலையிலும் 'சிவப்புத் துரு' என்று ஒரு நோய் வரும். அதைக் கொண்டுவருவது செபலியூரோஸ் என்ற ஒரு பாசி. அது உண்மையிலேயே செடியின் திசுவுக்குள் போய்த் தொல்லை செய்யும். அதனால 'பார்க்க திட்டா இருக்கு' என்பதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. எந்தப் பக்கமும்.

பவர்: எப்பவும் ஆன், பெரும்பாலும் ஸ்லீப்

சின்ன உடம்புக்கு ஒரு சாபம் உண்டு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் வெப்பம் சீக்கிரம் போய்விடும். டம்ளர் காபி அண்டா காபியைவிடச் சீக்கிரம் ஆறுவது மாதிரி. எனவே மார்மொசெட் நாள் முழுக்க உடம்பை ஓட்டிக்கொண்டே இருக்கணும். விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பங்கு பட்டையைச் சுரண்டுவதிலும் பிசின் நக்குவதிலும் பூச்சி தேடுவதிலும் போகிறது. ஒரு நாள் மெஸ் லீவு விட்டா நமக்குப் பிஸ்கட் இருக்கு. அதுக்கு இல்லை.

கல்பாசி இதற்கு நேர் எதிர். தண்ணீரைச் சேமிக்க அதற்கு வேர், மெழுகுப்பூச்சு எதுவும் இல்லை. காற்று காய்ந்தால் அதுவும் காயும், நொறுங்கும் அளவுக்கு. அப்போது ஒளிச்சேர்க்கை, சுவாசம் எல்லாம் ஏறக்குறைய நின்றுவிடும். செத்துப்போகவில்லை, ஸ்லீப் மோடு. மழையோ பனியோ பட்டால் சில நிமிடங்களில் மீண்டும் வேலை தொடங்கும். ஈரமானதும் மேல்தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரியும். மழை விட்டதும் வளாகத்து மரத்தின் சாம்பல் திட்டுகள் திடீரென்று பச்சையாகத் தெரிவது இதனால்தான். அடுத்த மழைக்குப் போய்ப் பாருங்க.

இந்த ஸ்லீப் மோடு எவ்வளவு உறுதியானது? 2005-ல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ரெண்டு வகைப் பாறை லைக்கன்களை ரஷ்யாவின் ஃபோட்டான்-எம்2 விண்கலத்தில் அனுப்பியது. சுமார் ரெண்டு வாரம் அவற்றை வெட்டவெளி விண்வெளியில், வெற்றிடத்திலும் கதிர்வீச்சிலும் திறந்து வைத்தார்கள். திரும்பி வந்ததும் தண்ணீர் கொடுத்தபோது அவை மறுபடி ஒளிச்சேர்க்கை செய்தன.

இதற்கு அது கொடுக்கும் விலை, நேரம். வேலை செய்யும் நேரம் குறைவு என்பதால் வளர்ச்சியும் மிக மெது. இலை வடிவ லைக்கன்களின் ஓரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும். உள்ளங்கை அகலத் திட்டுக்குப் பத்து, இருபது வருஷம் ஆகியிருக்கலாம். காட்டில் ஒரு பிக்மி மார்மொசெட்டின் ஆயுள் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள். அதாவது, மரத்தில் நாம் 'அழுக்கு' என்று பார்ப்பதற்கு அந்தக் குரங்கைவிட வயசு கூட இருக்கலாம். நம்ம வயசுகூட இருக்கலாம்.

தனி ஆளா, கூட்டமா?

இதுவரைக்கும் வித்தியாசம்தான் பார்த்தோம். ஒரு விஷயத்தில் ரெண்டும் ஒரே கட்சி. ரெண்டுமே தனியாகப் பிழைக்க முடியாதவை.

மார்மொசெட் குடும்பமாக வாழும். ரெண்டு பேர் முதல் ஒன்பது பேர் வரை. பெரும்பாலும் ஒரு ஜோடி மட்டும் குட்டி போடும், அதுவும் இரட்டைக் குட்டிகள். தாய் பால் கொடுப்பாள். சுமப்பது அப்பா, அண்ணன், அக்கா எல்லாரும். இந்தக் குடும்பத்துக் குரங்குகளில் இன்னொரு ஆச்சரியம்: கருப்பையில் இரட்டையரின் ரத்த ஓட்டம் கலந்துவிடுவதால், ஒருவர் ரத்தத்தில் மற்றவரின் செல்களும் வாழ்நாள் முழுக்க இருக்கும். வயிற்றில் நுண்ணுயிர்க் கூட்டம், ரத்தத்தில் உடன்பிறப்பு. 'ஒரு குரங்கு' என்று எண்ணுவதே கஷ்டம்.

லைக்கனில் இந்தக் கணக்கு விஞ்ஞானிகளையே குழப்பியது. 1860களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் 'லைக்கன் ஒரு செடி இல்லை, பூஞ்சையும் பாசியும் சேர்ந்தது' என்று சொன்னபோது, அன்றைய லைக்கன் நிபுணர்கள் பலர் கோபப்பட்டார்கள். அதில் முக்கியமானவர் வில்லியம் நைலாண்டர். கடைசிவரை அவர் அதை ஏற்கவில்லை. 2016-ல் டோபி ஸ்ப்ரிபில் குழு 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டது: பல லைக்கன்களின் மேல்தோலில் மூன்றாவதாக ஒரு ஈஸ்ட்டும் குடியிருக்கிறது என்று. ஒரு நூற்றாண்டுக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தும் கண்ணில் சிக்காத ஆள்.

ரெண்டுக்கும் வரும் ஆபத்து

நைலாண்டர் பேரை வில்லன் மாதிரி விட்டுடக் கூடாது. 1866-ல் அவர்தான் பாரிஸின் லக்ஸம்பர்க் பூங்காவில் இருக்கும் லைக்கன்கள் நகரத்தின் மற்ற இடங்களில் இல்லை என்று கவனித்து, காற்றின் சுத்தத்துக்கு இவை அளவுகோல் ஆகலாம் என்று எழுதினார். காரணம் எளிது. மெழுகுத்தோல் இல்லாததால் காற்றில் வருவதையெல்லாம் லைக்கன் உடம்பு முழுக்க உறிஞ்சும். கந்தக டை ஆக்சைடு கூடினால் பல இனங்கள் செத்துப்போகும். 1970-ல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இருவர் மரப்பட்டை லைக்கன்களை மட்டும் வைத்து இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் காற்று மாசைத் தர வரிசைப்படுத்த ஒரு அளவுகோலையே உருவாக்கினார்கள். பேட்டரி இல்லாத, காலிபரேஷன் கேட்காத சென்சார்.

அப்போ நாங்க என்ன பண்ணிட்டோம் தெரியுதா? காற்று மாசைத் தாங்கமாட்டாத ஒரு உயிர் இருக்குன்னு சொன்னா, அதை 'நோய்'னு எழுதி மாடலுக்குப் பாடம் நடத்தியிருக்கோம்.

கல்பாசிக்கு இன்னொரு ஆபத்து நம்ம சமையலறை வழியா வருது. இமயமலை அடிவாரங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காட்டிலிருந்துதான் சேகரிக்கிறார்கள். மிளகு, ஏலக்காய் மாதிரித் தோட்டம் போட்டு வளர்ப்பதில்லை. வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்வதை ஒரே நாளில் சுரண்டி எடுத்தால், அந்தக் கிளைக்கு அது திரும்பி வர ஒரு தலைமுறை ஆகும். குழம்பில் போடாதீங்கன்னு நான் சொல்லல. என் ரூம்மேட் என்னைக் கொன்னுடுவா. ஒரு துண்டுக்குப் பின்னாடி எத்தனை வருஷம் இருக்குன்னு தெரிஞ்சு போடுங்க.

மார்மொசெட்டுக்கு ஆபத்து அதன் அழகு. காடு அழிப்போடு செல்லப்பிராணி வியாபாரமும் சேர்ந்து, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ரெண்டு இனமும் 'அழிவாய்ப்புக்கு உள்ளானவை' என்ற நிலையில் உள்ளன. ரீல்ஸில் விரலைக் கட்டிப்பிடிப்பது பாசத்தால் இல்லை. அது பட்டையில் ஒட்டி வாழப் பிறந்தது, சுமப்பவரை விடாமல் பிடிக்கும் குட்டி. அதற்குத் தேவை பிசின் வடியும் மரம், சூரிய ஒளி, தூக்கிச் சுமக்கும் ஒரு குடும்பம். அடுக்குமாடி வீட்டில் இதில் எதுவும் இல்லை. வெயில் இல்லாமல் வளர்க்கும் மார்மொசெட்களுக்கு வைட்டமின் டி குறைந்து எலும்பு வளைந்துபோவது கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த பிரச்சினை. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பைகளில் அயல்நாட்டுக் குரங்குகள் பிடிபட்ட செய்திகளை நாமே படித்திருக்கிறோம். 2022-ல் திருத்தப்பட்ட வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி இது போன்ற அயல் உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தே ஆகணும்.

மறுபடியும் ஒண்ணு சொல்லிடறேன். மரத்தைக் காயப்படுத்துதுன்னு குரங்கைக் கெட்டவனாக்குவது என் நோக்கம் இல்லை. அந்தக் காட்டில் அந்த மரங்களோடு சேர்ந்தே அது உருவானது. ஒன்று கடித்துப் பிழைக்குது, ஒன்று காத்திருந்து பிழைக்குது. தப்பு ரெண்டிலும் இல்லை. அழகா இருந்தா அப்பாவி, அழுக்கா இருந்தா நோய்னு பார்த்தவுடனே லேபிள் போட்டது நாங்க.

ரிவ்யூல என்ன ஆச்சு?

மூணு நாள் உட்கார்ந்து எல்லாப் படங்களுக்கும் லேபிளை மாத்தினோம். 'நோய்', 'ஆரோக்கியம்' தவிர 'லைக்கன்' என்று மூணாவது ஒரு வகை. காயம், குழி எல்லாம் தனியா. திரும்ப ட்ரெயின் பண்ணினா அக்யூரசி எழுபதுகளுக்கு இறங்கிடுச்சு. அப்பதான் புரிஞ்சது, முன்னாடி வந்த தொண்ணூறு எதனால வந்ததுன்னு. எங்க மாடல் நோயைக் கண்டுபிடிக்கவே இல்ல. சாம்பல் கலரைக் கண்டுபிடிச்சுது.

பழைய ரிசல்ட்டையே காட்டிடலாமான்னு ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சோம். பேனல்ல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. கடைசியில ரெண்டு ரிசல்ட்டையும் ஒரே ஸ்லைடில் போட்டு, ஏன் குறைஞ்சதுன்னு சொன்னோம். மார்க் கொஞ்சம் குறைஞ்சது. கைடு மட்டும் வெளியே வந்து, "இந்த ஒரு ஸ்லைடுதாம்மா உங்க ப்ராஜெக்ட்"னார்.

எனக்கு இன்னொரு கணக்கு பாக்கி இருக்கு. ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு விசிட்டுக்கு முன்னாடி, மரங்களைச் 'சுத்தம்' பண்றோம்னு தேங்காய் நாரால தேய்ச்சு அந்தத் திட்டையெல்லாம் எடுத்துட்டு, மேல சுண்ணாம்பும் காவியும் அடிச்சோம். நான்தான் ரொம்ப ஆர்வமா தேய்ச்சேன். லைப்ரரிக்குப் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்துல அந்த இடம் இன்னும் வெறுமையாத்தான் இருக்கு. ஓரத்துல மட்டும் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு சாம்பல் புள்ளி வந்திருக்கு. மூணு வருஷத்து வளர்ச்சி அது.

நான் இந்த மே மாசம் கிளம்பிடுவேன். ஜூனியர்ஸ், அடுத்த விசிட்டுக்கு முன்னாடி யாராவது தேங்காய் நாரோட வந்தா, அந்தப் பட்டனை மட்டும் தொடவிடாதீங்க.